விஆர் விளையாட்டும் நிஜமும் கலந்துபோவது கதையில் மட்டும்தானா?

கேள்வி: விஆர் (ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் சுற்றிலும் வேறொரு உலகத்தைக் காட்டுகிற மெய்நிகர் நிஜம்) விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டு, எது நிஜம் எது விளையாட்டு என்று தெரியாமல் தவிப்பதாக வரும் திரில்லர்களில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா? உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?

எனக்கு நடந்திருக்கிறது. ஆனால் படத்தில் காட்டுகிற மாதிரி இல்லை, அப்படியே தலைகீழாக.

அந்த வகைப் படங்களில் எனக்குப் பிடித்தது 1999இல் டேவிட் க்ரோனன்பெர்க் எடுத்த ‘எக்ஸிஸ்டென்ஸ்’. முதுகுத்தண்டின் அடியில் துளை போட்டு, ஈரல்துண்டு மாதிரி கொழகொழவென்று இருக்கும் ஒரு கருவியைத் தொப்புள்கொடி போன்ற வயரால் அதில் செருகி விளையாடுவார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்களா இல்லையா என்பது கடைசிவரை அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் அருமை. ஆனால் நிஜ ஹெட்செட்டை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அரைக் கிலோ எடை நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூக்கோர இடுக்கு வழியாகத் தரை தெரியும். சமையல்கட்டில் மீன் பொரிக்கிற மணம் வரும். நம்மூர்ப் புழுக்கத்துக்குப் பத்தாவது நிமிடமே லென்ஸ் வேர்த்து மங்கிவிடும். விளையாட்டுக்குள்தான் இருக்கிறோம் என்பது ஒரு நொடிகூட மறக்காது. எனக்கு மறந்தது வெளியே வந்த பிறகு.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இதுதான் என் உலகம். துபாயில் வேலை பார்க்கும் அக்கா மகன் 2022 டிசம்பரில் லீவுக்கு வந்தபோது குவெஸ்ட் 2 என்ற விஆர் ஹெட்செட் ஒன்று கொண்டுவந்தான். அதில் பலகை மேல் நடக்கிற விளையாட்டு ஒன்று இருந்தது. லிஃப்டில் ஏறி உச்சிக்குப் போவீர்கள். கதவு திறந்தால் எதிரே அந்தரத்தில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனிவரை நடக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மருமகன் விவரமானவன். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புரையில் கிடந்த அஞ்சடிப் பலகையைக் கொண்டுவந்து ஹாலில் போட்டு, ஒரு முனைக்கு அடியில் மடித்த செய்தித்தாளை வைத்தான். காலை வைத்தால் லேசாக ஆடும். கண் பார்ப்பது அந்தரம், கால் உணர்வது ஆடுகிற பலகை. முதல் நாள் கதவு திறந்ததும் நான் லிஃப்டுக்குள்ளேயே குத்தவைத்துவிட்டேன். அதாவது எங்கள் வீட்டு சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில்.

எனக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனபோது, கால்வாசி தூரத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து திரும்பி வந்தவன் நான். கூடப் படித்தவர்கள் இன்னும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காக: காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் கட்டி முடித்த பாலம் அது. 28 தூண்கள் மேல் கான்கிரீட் தொட்டியில் பாசனத் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் போகும். அதன் ஓரமாக ஆள் நடந்து போகலாம். கீழே பறளியாறு. உயரம் 115 அடி.

என் அம்மை அந்த ஹெட்செட்டைப் பார்த்து “குதிரைக்குக் கண்பட்டை கெட்டுன மாதிரி இருக்கு, கழட்டுல அத” என்று இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் தானே வாங்கி மாட்டிக்கொண்டு, எந்தப் பயமும் இல்லாமல் பலகை நுனிவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, “கீழ பஸ்ஸு போவுது, உள்ள ஒரு ஆளையும் காணலியே” என்றாள். அதோடு அவளுக்கு அந்த ஊர் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

எனக்குத்தான் விட முடியவில்லை. மாத்தூர்ப் பயத்தை இதை வைத்தே தீர்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அது முட்டாள்தனமான நினைப்பும் இல்லை. 1995இலேயே அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் என்ற உளவியலாளரின் குழு உயரப் பயம் உள்ள கல்லூரி மாணவர்களைக் கணினி உருவாக்கிய நடைபாலங்களிலும் கண்ணாடி லிஃப்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கவைத்து, பயம் குறைவதைக் காட்டியிருக்கிறது. நிஜமில்லை என்று மூளைக்குத் தெரிந்தாலும் முட்டு நடுங்கத்தான் செய்யும், அதனால்தான் அந்த வைத்தியம் வேலை செய்கிறது. மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் 2009இல் இப்படி இல்லாத இடத்தில் இருப்பதாகவே தோன்றுவதற்கு இடமாயை என்கிற மாதிரி ஒரு பேரே வைத்தார்.

சரி, நான் செய்த வைத்தியத்துக்கு வருகிறேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பதினொரு நாள் விளையாடினேன். நாலாம் நாள் நுனிவரை போனேன். ஆறாம் நாள் தெரியாமல் கால் தவறி விழுந்தேன். வயிறு ஒருமுறை புரண்டது, திரை வெளுத்தது, திரும்ப லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம் நானாகவே குதிக்க ஆரம்பித்தேன். கடைசி நாட்களில் ஒரு ராத்திரிக்கு முப்பது நாற்பது முறை.

சின்னச் சின்ன அறிகுறிகள் அதற்கு முன்பே வந்தன. கடையில் எட்டாத தூரத்தில் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்து ஆள்காட்டி விரலை மடக்கினேன். ஹெட்செட்டில் அப்படிச் செய்தால் பொருள் பறந்து கைக்கு வரும். கத்தரிக்கோல் வரவில்லை என்றதும் ஒரு நொடி கோபம்கூட வந்தது. அட்டைக்கு அச்சுப்பிழை பார்க்க வந்தவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி விளையாட்டின் பழக்கம் வெளியே ஒட்டிக்கொண்டு வருவதைப் பற்றி 2011இலேயே இங்கிலாந்தின் நாட்டிங்காம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு வந்திருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு தேடிப் படித்தது.

பன்னிரண்டாம் நாள் மருமகனோடு மாத்தூருக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நடுப்பாலம்வரை ஜாலியாகப் பேசிக்கொண்டே நடந்தேன். கீழே பார்த்தேன். ஆறு, தென்னந்தலைகள், துணி துவைக்கிற ஒரு ஆள், எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன, ஆனால் பயம் இல்லை. பயம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் சந்தோஷம். கூடவே வேறு ஏதோ ஒன்றும் இல்லை. எல்லாம் கொஞ்சம் சப்பையாக, லென்ஸுக்கு அந்தப்பக்கம் இருப்பது போல இருந்தது. கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி வலது காலைத் தூக்கி மேலே வைத்தேன். சாகிற எண்ணம் எதுவும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் நன்றாக எட்டிப் பார்க்கலாமே என்றுதான். அந்த நேரத்தில் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: விழுந்தால் லிஃப்டில் நிற்போம்.

“மாமா, கால எடும்!” என்று மருமகன் கத்தினான்.

திடுக்கிட்டுக் காலை இழுத்தேன். செருப்பு கழன்று அந்தப்பக்கம் விழுந்தது. விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், 115 அடி என்றால் இரண்டரை நொடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டரை நொடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தென்னை ஓலையில் பட்டு ஒரு சத்தம். திரை வெளுக்கவில்லை. வெறுங்காலைத் தரையில் வைத்ததும் கான்கிரீட் சுட்டது. அந்தச் சூடு ஏறியதும்தான் மொத்தப் பயமும் ஒரே அடியாகத் திரும்ப வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் செய்தது போலவே உட்கார்ந்தபடி நகர்ந்து கரைக்கு வந்தேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கு அந்தப் பயம் திரும்பக் கிடைத்ததே போதுமாக இருந்தது.

பிறகு யோசித்தபோது எனக்குத் தோன்றியது, என் ஊகம்தான்: வைத்தியத்துக்கு வருகிறவர் அந்தரத்தில் நிற்கப் பழகுகிறார், குதிக்கப் பழகுவதில்லை. பக்கத்தில் ஒரு ஆளும் இருக்கிறார். நான் ஆளில்லாமல் ராத்திரிக்கு முப்பது நாற்பது முறைவரை குதித்து, விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தச் சப்பைத்தன்மை எனக்கு மட்டும் வந்ததும் இல்லை. 2010இல் கனடாவில் முப்பது பேரை வைத்துச் செய்த ஆய்வில், விஆரிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு நிஜச் சூழலில் ‘இங்கே இருக்கிறோம்’ என்ற உணர்வு குறைந்திருந்தது. ஏற்கெனவே கனவில் மிதக்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடுதல். நான் அந்த ரகம்தான், அம்மையைக் கேட்டால் சொல்லுவாள்.

ஆக, அந்தத் திரில்லர்களில் உண்மை இருக்கிறதா என்றால், விளையாட்டு நிஜம் போல ஆகிவிடும் என்று அவை பயமுறுத்துகின்றன. எனக்கு நிஜம் விளையாட்டு போல ஆனது. இதை வைத்துப் படம் எடுத்தால் ஓடாது. பாலத்தில் ஒருவன் சும்மா நிற்கிறான், அவ்வளவுதான் காட்சி.

வாங்கலாமா என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு: வாங்குங்கள், நல்ல சாமான்தான். விளையாடி முடித்த கையோடு பைக் எடுக்காதீர்கள். ஒரு கட்டன் சாயா குடித்து, வாசலில் செருப்பில்லாமல் கொஞ்சம் நடந்துவிட்டு எடுங்கள். பிள்ளைகளுக்கு என்றால், குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்றிருந்த கணக்கை, குவெஸ்டைச் செய்கிற மெட்டா கம்பெனி 2023இல் 10 ஆக இறக்கிவிட்டது. என் வீட்டில் இன்னும் 13தான்.

மருமகன் போன வாரம் கூப்பிட்டு, அடுத்த லீவுக்குப் புது மாடல் கொண்டுவரட்டுமா மாமா என்று கேட்டான். ஒரு ஜோடி செருப்பு கொண்டுவா, என் அளவு எட்டு என்று சொல்லியிருக்கிறேன்.