எடை குறைந்த எலக்ட்ரானைவிட மியூவானைப் பையான் ஏன் அதிகம் தருகிறது?

கேள்வி: சிதைவின்போது மிஞ்சும் ஆற்றல் கூடினால் அந்தச் சிதைவு அதிகமாக நிகழும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நேர்மின் பையான் (விரைவில் சிதையும் ஒரு துகள்) பாசிட்ரானாக, அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளாக அல்லவா பெரும்பாலும் சிதைய வேண்டும்? அட்டவணையில் 99.98 சதவீதத்துக்கும் மேல் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் நிறை மிகுந்த துகள்) என்றிருக்கிறதே?

பதில்: நீங்கள் படித்த விதி தவறன்று, ஆனால் அதற்கு முன்னே பார்க்க வேண்டியது சிதைவுக்குக் குறுக்கே நிற்கும் தடை. பையானுக்குத் தற்சுழற்சி இல்லை. ஆகவே சிதைவில் பிறந்து எதிரெதிர்த் திசையில் பறக்கும் நியூட்ரினோவும் (மின்சுமையற்ற, மிகச் சொற்ப நிறையுள்ள துகள்) பாசிட்ரானும் ஒன்றன் சுழற்சியை மற்றொன்று ஈடுசெய்தாக வேண்டும். நியூட்ரினோ எப்போதும் இடக்கைச் சுழற்சியுடனேயே (பறக்கும் திசைக்கு எதிராக அமைந்த சுழற்சி) பிறப்பதால், பாசிட்ரானும் இடக்கைச் சுழற்சியை ஏற்க நேர்கிறது. இந்தச் சிதைவை நிகழ்த்தும் மெல்விசையோ எதிர்த்துகள்களை வலக்கைச் சுழற்சியுடன் உருவாக்கவே முனைகிறது. நிறையே இல்லாத துகளுக்கு இந்த முரண்பாடு முழுத் தடையாகிவிடும். நிறை மிகுந்து வேகம் குறையக் குறையத் தடை தளரும். மியூவான் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 27 சதவீத வேகத்தில்தான் புறப்படுகிறது. பாசிட்ரான் கிட்டத்தட்ட ஒளிவேகத்திலேயே பறக்கிறது.

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பாசிட்ரான், மியூவான் ஆகியவற்றின் நிறைகள் ஆற்றல் அலகில் முறையே 0.511, 105.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இவற்றின் விகிதத்தின் வர்க்கம் சுமார் 0.000023. மிஞ்சும் ஆற்றல் பாசிட்ரானுக்குத் தரும் சாதகம் ஏறத்தாழ 5.5 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், பாசிட்ரான் சிதைவுக்கும் மியூவான் சிதைவுக்கும் உள்ள விகிதம் 0.00013 அளவில் வரும். அளந்தறிந்த மதிப்பு 0.000123. இவ்வளவு எளிய கணக்கு அளவீட்டை இத்தனை நெருங்குவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வேறொரு வகைத் தடையைக் காட்டுவது ஃபை மீசான். மீசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்; பை மீசான் எனப்படும் பையானும் அவ்வகையே, ஆனால் ஃபை வேறு. அது மூன்று பையான்களாகச் சிதைந்தால் ஏராளமான ஆற்றல் மிஞ்சும். இரு கேயான்களாக (விந்தைக் குவார்க்கையோ அதன் எதிர்க்குவார்க்கையோ கொண்ட மீசான்கள்) சிதைந்தால் மிகச் சொற்பமே மிஞ்சும். இருந்தும் சுமார் 83 சதவீதம் கேயான்களுக்கே போகிறது. ஃபையிலுள்ள விந்தைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் கேயான்களுக்குள் அப்படியே இடம்பெயர்ந்துவிடலாம். பையான்கள் பிறக்க வேண்டுமானால் அவை முதலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும்.

தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதும் உண்டு. பி-எஸ் என்ற கனமான மீசான் இரு மியூவான்களாகச் சிதைவதற்கு நேரடி வழி கிடையாது, சுழற்சித் தடையும் கூடவே வருகிறது. எனவே 100 கோடிச் சிதைவுகளில் ஏறத்தாழ 3 மட்டுமே அவ்வாறு நிகழ்கின்றன. செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ், எல்எச்சிபி குழுக்கள் அதை உறுதிசெய்து 2015-இல் கூட்டாக வெளியிட்டன.