ஒரு வௌவாலைப் பிடித்துக் கொடுத்தால் நிபா தெரிந்துவிடுமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் கண்மாய்க்கரை ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் பயத்தில் மரத்தையே வெட்டலாம் என்கிறார்கள் ஊரில். ஒன்றைப் பிடித்து லேப்பில் கொடுத்தால் சொல்லிவிடுவார்களா?

பதில்: தயவுசெய்து பிடிக்காதீர்கள். வனத்துறை அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். கடிபடுவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. ரத்தம், சர்க்கரை பார்க்கும் லேப்பில் இதைத் தொடவும் மாட்டார்கள்.

பெரும்பாலும் வௌவாலைத் தொடாமலே சோதனைக்கு மாதிரி எடுக்கும் வேலை நடக்கும். விடியுமுன், அவை இரை தேடித் திரும்புவதற்குள், மரத்தடியில் பாலிதீன் தாளை விரித்துவிடுவோம். வந்து தொங்கியதும் மேலிருந்து மூத்திரம் சொட்டும். முழு உடுப்பும் முகக்கவசமுமாகக் குனிந்து, சொட்டுச் சொட்டாக பிப்பெட்டில் உறிஞ்சி, குப்பியிலுள்ள திரவத்தில் விடவேண்டும். அந்தத் திரவம் வைரஸைச் செயலிழக்க வைத்து, அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவைக் கெடாமல் வைத்திருக்கும். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை தேடுவது அதைத்தான். வெயில் ஏறினால் சொட்டு காய்ந்துவிடும். மதுரை வெயிலைச் சொல்லவா வேண்டும்? வலைபோட்டுப் பிடித்தால் ரத்தமும் எடுக்கலாம். ஆனால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்குவது), என்றோ தொற்று வந்துபோனதைத்தான் சொல்லும்.

என்னைக் கேட்டால், 'நெகட்டிவ்' முடிவுதான் ஆளை ஏமாற்றும். நிபா வௌவாலைப் படுக்க வைப்பதில்லை. வைரஸும் எப்போதாவதுதான் வெளியேறும். அன்றைய சொட்டில் இல்லை, அவ்வளவுதான். 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது முதலில் சோதித்தது, நோய் கண்ட வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்களை. அவை பூச்சி தின்பவை, ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பழந்தின்னிகளைப் பிடித்துப் பார்த்தபோதுதான் புனே தேசிய வைராலஜி நிறுவனம் வைரஸைக் கண்டது. தமிழ்நாட்டுப் பழந்தின்னிகளிலும் நிபா எதிர்ப்பொருள் தென்பட்டிருக்கிறது. அதனால் சோதனை முடிவுக்குக் காத்திராமல், இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

மரத்தை வெட்டினால் கூட்டம் கலைந்து அடுத்த தோப்புக்கோ, வீட்டோரப் புளியமரத்துக்கோ போகும். கடிபட்ட மாம்பழம், கொய்யாவை 'வெட்டிப்போட்டுத் தின்னலாம்' என்று எடுக்காதீர்கள். பதநீர்ப் பானையை வௌவால் வாய் வைக்காதபடி மூடிக் கட்டச் சொல்லுங்கள். வங்கதேசத்தில் பச்சை ஈச்சஞ்சாறு வழியாகத்தான் திரும்பத் திரும்ப நிபா மனிதருக்கு வந்தது. கிணற்றுக்கு வலை போடுங்கள்.

மரத்தடியில் நிறைய வௌவால்கள் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். யாரையாவது கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே முதலில் யோசிப்பது நிபாவை அல்ல, ரேபிஸை.