ஹலோ வருகிறது, ஃபைல் போகவில்லை

கேள்வி: மொட்டைமாடிகளில் எட்டு லினக்ஸ் ரூட்டர்களை வைத்து அட்ஹாக் வயர்லெஸ் நெட்வொர்க் (நடுவில் மையக் கருவி இல்லாமல் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவது) அமைத்திருக்கிறோம். ரூட்டிங் புரோட்டோகாலை நாங்களே எழுதுகிறோம். பக்கத்து நோடுகளில், அதாவது ரூட்டர்களில், எதன் சிக்னல் வலிமை அதிகமோ அதன் வழியே பாக்கெட் போகும். ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் ஹலோ பாக்கெட்டுகள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் சில லிங்குகளில் ஃபைல் அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. லிங்கின் தரத்தை எதை வைத்து அளப்பது?

பதில்: உங்கள் ஹலோ சின்ன பாக்கெட், பிராட்காஸ்டாக, அதாவது எல்லோருக்கும் பொதுவாகப் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அது பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போகும். ஃபைல் பாக்கெட்டோ 1500 பைட், யூனிகாஸ்ட் (ஒரு நோடுக்கு மட்டும் போவது), பல மடங்கு வேகம். மெதுவாகப் போகும் சின்ன பாக்கெட் எட்டுகிற தூரத்துக்கு, வேகமாகப் போகும் பெரிய பாக்கெட் எட்டாது. அந்த இடைப்பட்ட பகுதியில்தான் உங்கள் சிக்கலான லிங்குகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இலேயே இதைக் கவனித்து, சாம்பல் மண்டலம் என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் சிக்னல் வலிமை. அதைச் சொல்லும் ஆர்எஸ்எஸ்ஐ எண், வந்து சேர்ந்த பாக்கெட்டின் சிக்னலை மட்டும்தான் அளக்கும். வராமல் போன பாக்கெட்டுக்கு ஆர்எஸ்எஸ்ஐ கிடையாது. அதாவது, பாஸானவர்களின் மார்க்கை மட்டும் கூட்டி வகுப்பின் சராசரி என்று சொல்வது போல. பக்கத்து வீட்டு வைஃபையின் இடையூறும் அதில் சரியாகத் தெரியாது. படுமோசமான லிங்கைச் சட்டென்று ஒதுக்க அது உதவும். நல்லதுக்கும் சுமாருக்கும் வித்தியாசம் கேட்டால் கையை விரித்துவிடும்.

பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தால் இழப்பே இல்லையே என்பீர்கள். யூனிகாஸ்ட் பாக்கெட் தொலைந்தால் வைஃபை கார்டே சத்தமில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பும். பிங்குக்கு அது தெரியாது. நேரம் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கும். லினக்ஸின் வைஃபை கட்டளையான ஐடபிள்யூ (iw) கருவியில் ஸ்டேஷன் டம்ப், அதாவது பக்கத்து நோடுகளின் கணக்குப் பட்டியல் எடுத்து, மறு அனுப்பல் எண்ணிக்கையைப் பாருங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆகவே, எண்ண வேண்டியது பாக்கெட்டை. எம்ஐடி குழு 2003இல் வெளியிட்ட ஈடிஎக்ஸ் அளவுகோல் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு நோடும் நொடிக்கு ஒன்று வீதம் பிராட்காஸ்ட் புரோப் (சோதனைப் பாக்கெட்) அனுப்பும். பிராட்காஸ்டுக்கு மறு அனுப்பல் இல்லை என்பதால் உண்மையான இழப்பு அப்படியே தெரியும். கடந்த 10 நொடியில் யாரிடமிருந்து எத்தனை புரோப் வந்தது என்பதைத் தன் புரோபிலேயே எழுதி அனுப்பினால், இரு திசைக் கணக்கும் இருவருக்கும் கிடைத்துவிடும். இரு திசையிலும் புரோப் வந்து சேர்ந்த விகிதங்களைப் பெருக்கி, 1ஐ அதனால் வகுத்தால் ஈடிஎக்ஸ்: ஒரு பாக்கெட் போய் ஒப்புகை திரும்பி வரச் சராசரியாக எத்தனை தடவை அனுப்ப வேண்டும் என்ற கணக்கு.

போகும் திசையில் 0.8, திரும்பும் திசையில் 0.5 என்று ஒரு நேரடி லிங்க். ஈடிஎக்ஸ் 2.5. அதே இடத்துக்கு இடையில் ஒரு நோடு வழியாக, நாலு திசையும் 0.95ஆக இருந்தால் கூட்டுத்தொகை சுமார் 2.2. இரண்டு ஹாப் (ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஒரு ஹாப்) பாதைதான் நல்லது. ஹாப் எண்ணிக்கையோ சிக்னலோ பார்த்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டீர்கள், குறிப்பாகத் திரும்பும் திசையின் 0.5 கண்ணிலேயே பட்டிருக்காது.

ஈடிஎக்ஸும் அப்படியே போட்டால் உங்கள் பழைய வியாதி தீராது. புரோப் சின்னதாகவும் மெதுவாகவும் இருந்தால் அதுவும் ஹலோ சொன்ன பொய்யைத்தான் சொல்லும். புரோபின் அளவைக் கூட்டுங்கள், பிராட்காஸ்டுக்கும் பொருந்தும் மல்டிகாஸ்ட் வேகத்தையும் உயர்த்துங்கள். அட்ஹாக் மோடில் சேரும்போதே ஐடபிள்யூவில் அதைக் கொடுக்கலாம். சில பக்கத்து நோடுகள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். போகட்டும், அவை முன்பும் உபயோகமாக இல்லை. லிங்குக்கு லிங்க் வேகம் மிகவும் வேறுபட்டால், ஈடிஎக்ஸை பாக்கெட் அளவால் பெருக்கி லிங்க் வேகத்தால் வகுத்து, ஆகும் நேரத்தைச் சொல்லும் ஈடிடி அளவுகோல் பொருத்தம்.

எல்லா நோடும் ஒரே கணத்தில் புரோப் அனுப்பினால் மோதிக்கொள்ளும். நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்து விடுங்கள். எண்ணுகிற அந்த 10 நொடிச் சாளரத்தில் 10 புரோப்தான், ஒன்று தொலைந்தாலே விகிதம் 0.1 இறங்கிவிடும். அதற்காகப் பாதையை மாற்றிக்கொண்டே இருந்தால் ஃபைலைக் கொண்டுபோகும் டிசிபி புரோட்டோகால் திணறும். புதிய பாதை தெளிவாக மேலானதாக இருந்தால் மட்டும் மாறுங்கள். சென்சார் நெட்வொர்க்குகளுக்கான ஆர்எஃப்சி 6719 என்ற இணையத் தர ஆவணம் இதற்குப் பரிந்துரைக்கும் இடைவெளி ஈடிஎக்ஸில் 1.5, எட்டு நோடுக்கு அது எனக்குச் சற்று அதிகமாகப் படுகிறது, 0.5இல் தொடங்கிப் பாருங்கள்.

இவ்வளவும் அசையாத நோடுகளுக்கு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்குழு 2004இல் ஒப்பிட்டபோது, நிலையான நெட்வொர்க்கில் ஈடிஎக்ஸ் முந்தியது. அனுப்புபவர் நடமாடியபோது சாதாரண ஹாப் எண்ணிக்கையே அதை முந்தியது. சாளரம் நிரம்புவதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார். மொட்டைமாடி ரூட்டர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் போன்களையும் இதே நெட்வொர்க்கில் நோடாகச் சேர்ப்பதாக இருந்தால், அவற்றுக்குச் சாளரத்தைத் தனியாகச் சுருக்க வேண்டியிருக்கும்.