பணம் போனது, பெயர் புதுப்பிக்கப்படவில்லை

கேள்வி: டாட் காம் பெயரைப் புதுப்பிக்க கார்டில் பணம் கட்டினேன். பணம் போய்விட்டது, ஆனால் இணையதளம் முடங்கிக் கிடக்கிறது. வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெயரைக் காப்பாற்றுங்கள், பணம் அப்புறம். வங்கி மூலம் சார்ஜ்பேக் கேட்டால், பெயரை உங்களுக்கு விற்ற பதிவு நிறுவனம் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம். எனக்கு அப்படி நடந்து, ஒரு வாரம் மின்னஞ்சல்கூட இல்லாமல் தவித்தேன்.

முதலில் கார்டு கணக்கைப் பாருங்கள். அந்தத் தொகை 'பெண்டிங்' என்று இருந்தால் பணம் இன்னும் அவர்களிடம் சேரவில்லை. அவர்கள் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் தானே திரும்பிவிடும். சேர்ந்துவிட்டது என்றால், பரிவர்த்தனை எண், தேதி, ரசீது மூன்றையும் வைத்துப் பதிவு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசிப் பேச்சை நம்பாதீர்கள்.

ஹூஇஸ் எனப்படும் பெயர்ப் பதிவு விவரத் தேடலில் காலாவதி தேதி ஓராண்டு தள்ளிக் காட்டலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காலாவதியானதும், எல்லா டாட் காம் பெயர்களையும் நிர்வகிக்கும் பதிவகம் தானாகவே அப்படி நீட்டும். பக்கத்தில் 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தால், அந்தத் தேதியை வைத்து மட்டும் புதுப்பித்தல் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

பெயரை நீக்கிவிட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் அதிகம். அதன்பின் 5 நாள் கழிந்ததும் பெயர் விடுபடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தேவைப்பட்டால் இன்னொரு முறை பணம் கட்டியாவது இப்போதே புதுப்பியுங்கள். இரட்டைக் கட்டணத்துக்கு அப்புறம் சண்டை போடலாம். காலாவதிக்கு முன் உங்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், பதிவு நிறுவனங்களுக்கு விதி வகுக்கும் ஐகான் (ICANN) அமைப்பில் புகார் செய்யுங்கள்.