கொப்பியில் இருப்பது சோறு போடுமா?

அம்மா, மகளைக் கலைப்பிரிவில் படிக்க விடலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். ஓ.எல்.லில் (சாதாரண தரப் பரீட்சையில்) நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை உயர்தரத்துக்குக் கலைப்பிரிவுதான் வேண்டும் என்று நிற்பதும், சொந்தக்காரர் எல்லோரும் வர்த்தகம் எடுக்கச் சொல்வதும் நம் மலையகத்தில் ஹட்டன் பக்கம் வருஷா வருஷம் நடப்பதுதான். நீங்கள் ஒரு படி மேலே போய் மகளின் கொப்பிப் பக்கங்களையே படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஓவியம் பற்றி ஒன்று, சிறுத்தை பற்றி ஒன்று, அப்புறம் இரண்டு பேர் மரத்தடியில் யாருக்கோ காத்திருக்க, அவர் வராமலே முடிகிற ஒரு நாடகம் பற்றி நாலு பக்கம். “பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டதா” என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை.

அந்த நாடகம் சாமுவேல் பெக்கெற் எழுதிய ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ (Waiting for Godot). 1953இல் பாரிஸில் முதலில் மேடையேறியது. கதை, முடிவு என்று ஒழுங்கில்லாத இந்த வகையை அபத்த நாடகம் என்பார்கள். படித்தவர்கள் பலரே விளங்கவில்லை என்றார்கள். 1957இல் அமெரிக்காவின் சான் குவென்ரின் சிறையில் ஏறத்தாழ 1400 கைதிகள் முன்னால் போட்டபோது, அவர்களுக்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை. காத்திருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். நம் ஆட்களுக்கும் தெரியும்தானே? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை போய், அதைத் திருப்பித் தந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காகிதத்துக்காக அலைந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! உங்கள் மகள் தன் தாத்தாவை அந்த மரத்தடியில் நிற்க வைத்து எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்து வருகிற வேலையில்லை அது.

சிறுத்தைக் கட்டுரை எனக்கு அதைவிடப் பிடித்தது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கிச் சில நாட்களில் செத்ததே, அதில் தொடங்குகிறாள். பாவம் என்று சொல்லி நிறுத்தவில்லை. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மரக்கறிப் பாத்தி, இரவில் அதைக் கிளறும் காட்டுப்பன்றி, பன்றிக்கென்று வைத்த கம்பி எந்த மிருகத்தின் இடுப்பையும் இறுக்கும் என்று வரிசையாகச் சொல்கிறாள். கம்பி வைத்தவரைத் திட்டவும் இல்லை, அவருக்காக வாதாடவும் இல்லை. பார்த்ததை இப்படி எழுத வருகிறவர்களுக்குப் பத்திரிகையிலும் தொண்டு நிறுவனங்களிலும் இடம் உண்டு.

ஓவியக் கட்டுரை சுமார்தான். எங்கிருந்தோ எடுத்த வரிகள் தெரிகின்றன. கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி முதலில் கனிம ஆய்வுக்காக இலங்கையைச் சுற்றியவர். கண்டிக் கைவினைஞர்களின் வேலையைக் கிட்டத்தில் பார்த்து 1908இல் பெரிய நூலே எழுதினார். இவளும் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிறவரிடம் போய்ப் பேசிவிட்டு எழுதட்டும்.

சரி, சோறு. வேலை கேட்டுப் பதாகை பிடித்து நிற்கும் கலைப் பட்டதாரிகளை டீவியில் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. டியூஷன் நோட்ஸை மனப்பாடம் செய்து, ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினால் அந்த வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் கலைப்பிரிவுக்குச் சம்மதியுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள்: ஆங்கிலமும் சிங்களமும் எழுதுகிற அளவுக்கு வர வேண்டும். பேச்சுச் சிங்களம் ஹட்டன் டவுனில் எல்லோருக்கும் வரும். ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள், தெரியும். தமிழும் சிங்களமும் ஆட்சிமொழிகளாக இருந்தும், இரண்டிலும் பிழையில்லாமல் எழுதக்கூடியவர் இல்லாமல் எத்தனை அலுவலகம் திண்டாடுகிறது! மொழிபெயர்ப்பாளர் வேலை அங்கேதான் இருக்கிறது. நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம். ஹோட்டன் சமவெளிக்கு வருகிறவர்களுக்குக் காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் கதையாகச் சொல்லத் தெரிந்த வழிகாட்டிக்கும் நல்ல வருமானம். அதற்கு உரிமம் எடுக்க வேண்டும்.

படிக்கப் பேராதனையை முதலில் வையுங்கள். தமிழ், ஆங்கிலம், நுண்கலை மூன்றுக்கும் அங்கே துறைகள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி கைகூடாவிட்டால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஆசிரியர் தொழிலுக்கு அது நேர்வழி. வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்பதால் அதையே முதலில் வைக்க உங்களுக்குத் தோன்றும். வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு காரியம். பாடம் தெரிவு செய்வதற்கு முன் பாடசாலைக்குப் போய், நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடமே கேளுங்கள். “வருவார்” என்று பதில் வந்தால் அந்தப் பாடத்தை விட்டுவிட்டுத் தமிழ், புவியியல், இன்னொன்று என்று போகட்டும். நாடகத்தை அவள் கொப்பியில் எழுதிக்கொண்டே இருக்கலாம்.