எஸ்.ஐ. பணியில் கை சுத்தமாக இருந்துகொண்டு நிலைக்க முடியுமா?

கேட்டவர் எஸ்.ஐ. தேர்வில் வென்று ஊனமாஞ்சேரி பயிற்சிக்குக் காத்திருப்பவர். லஞ்சம் வாங்காமல், விசாரணைக் கைதியை அடிக்காமல், பொய் வழக்கு போடாமல் தமிழ்நாடு காவல்துறையில் ஓய்வு பெறும்வரை இருக்க முடியுமா, இல்லை மூன்றாம் மாதமே ஆயுதப்படைக்குத் தூக்கியடித்துவிடுவார்களா என்பது அவர் கேள்வி.

முடியும். ஆனால் தண்டனை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். "ஏன் மாமூல் வாங்கவில்லை" என்று யாருக்கும் மெமோ வருவதில்லை. எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குத் தாமதமாகப் போயிருக்கிறது, சி.டி. எனப்படும் கேஸ் டைரி நாலு நாளாக எழுதப்படவில்லை, பிடித்த வண்டி கோர்ட்டில் ஒப்படைக்கப்படாமல் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கிறது, சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ரசீது முடிக்கப்படாமல் கிடக்கிறது என்றுதான் வரும். இந்தக் குறைகள் எந்த ஸ்டேஷனில் தேடினாலும் கிடைக்கும். வேண்டியவர் மேல் இருந்தால் யார் கண்ணிலும் படாது. வேண்டாதவர் மேல் இருந்தால் அதுவே காவல்துறை ஒழுங்கு நடவடிக்கை விதியின் 3(பி) சார்ஜ் ஆகும். அதனால் பதிவேடு எழுதுவதில் ஸ்டேஷனிலேயே மிகக் கறாராக இருக்க வேண்டியவர் நேர்மையானவர்தான். கை சுத்தமாக இருந்தும் எழுத்தில் அசட்டையாக இருந்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஜி.டி. எனப்படும் பொது நாட்குறிப்பை ரைட்டர் வேலை என்று ஒதுக்காதீர்கள். 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யக்கூடிய குற்றம் பற்றி வரும் தகவல் எஃப்.ஐ.ஆர். ஆனாலும் சரி, விசாரணையோடு நின்றாலும் சரி, அதை நாட்குறிப்பில் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. நீங்கள் ஸ்டேஷனை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், யார் அனுப்பினார்கள், யாருடன் போனீர்கள், திரும்பியது எப்போது என்ற நான்கும் அன்றன்றே அதில் ஏறட்டும். நாளைக்கு ஒரு சம்பவம் நடந்து நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்று காட்ட வேண்டி வந்தால், கையில் இருக்கும் முதல் ஆவணம் அதுதான். "பேஜ் விட்டு வைங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்ற பழக்கத்துக்கு உடன்படவே கூடாது. வெற்றுப் பக்கத்தில் பிறகு எது வேண்டுமானாலும் ஏறும், உங்கள் பெயர் உட்பட. கேஸ் டைரிக்கும் இதே கதைதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 192-ஆம் பிரிவு அது பக்க எண்ணிட்ட தொகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. பத்து நாள் டைரியை ஒரே ராத்திரி உட்கார்ந்து எழுதினால் மையும் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். குறுக்கு விசாரணையில் அது நிற்காது.

வாய்மொழி உத்தரவு அடுத்த பெரிய ஆபத்து. "அவனைத் தூக்கிட்டு வா", "இதை சி.எஸ்.ஆரோட முடி", "அந்தப் பேரை எடுத்துடு" என்பதெல்லாம் ஃபோனில் மட்டுமே வரும். காகிதத்தில் கையெழுத்து உங்களுடையது. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்கள் வாய்மொழி உத்தரவில் இயங்கக் கூடாது, உத்தரவுகள் எழுத்தில் பதிவாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் போய்த் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் அன்றோடு உறவு முடிந்தது. நடைமுறையில் செய்யக்கூடியது வேறு. உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் செய்யுங்கள். செய்தபின் "இன்று இத்தனை மணிக்குத் தாங்கள் தொலைபேசியில் வழங்கிய அறிவுரையின்படி" என்று தொடங்கி ஒரு சிறு அறிக்கையை முறைப்படி அனுப்பி, ஜி.டி.யிலும் ஒரு வரி ஏற்றுங்கள். இப்படிச் செய்பவர் என்று பெயர் வந்துவிட்டால் தவறான உத்தரவுகள் தாமாகவே வேறு ஆளைத் தேடிப் போகும்.

உத்தரவே சட்டவிரோதமானால் மறுக்கத்தான் வேண்டும். எப்படி மறுக்கிறீர்கள் என்பதில்தான் வேலை தங்குகிறது. ஒழுக்கம் பேசி மறுத்தால் மேலதிகாரியைக் கெட்டவர் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். ஆபத்தைச் சொல்லி மறுங்கள். "ஐயா, அரெஸ்ட் நேரத்தை மாத்தினா அவன் வக்கீல் டவர் லொக்கேஷன் கேட்டுப் பெட்டிஷன் போடுவான், பஸ் ஸ்டாண்ட் கேமராவும் இருக்கு, ஐயா பேரும் சேர்ந்து வரும்." இது உண்மையும்கூட. நேற்றுக் காலையில் வீட்டிலிருந்து கூட்டி வந்தவரை இன்று அதிகாலை வாகனத் தணிக்கையில் பிடித்ததாக எழுதுவது பழைய வழக்கம். இப்போது கடைக்குக் கடை கேமரா இருக்கிறது, கைதானவரின் ஃபோன் மட்டுமல்ல, போலீஸ்காரரின் ஃபோனும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 24 மணி நேரக் கணக்கு ஆளைப் பிடித்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. பிடித்த நேரத்தையே எழுதுங்கள்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் "ரிமாண்ட் பண்ணிடு" என்ற அழுத்தம் வரும். பி.என்.எஸ்.எஸ். 35-ஆம் பிரிவின்படி கைதுக்கான காரணத்தை எழுத வேண்டும், கைது செய்யாவிட்டால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு, இதை மீறும் அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் ஆளாவார் என்கிறது. சொல்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. கைதுக் காரணங்களைக் குறிக்கும் செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போடும் உங்களுக்குத்தான்.

அடி விஷயத்தில் எந்த நெளிவு சுளிவும் கிடையாது. மற்ற எதிலும் நெளிந்து கொடுத்துத் தப்பிக்கலாம், இதில் முடியாது. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாளில் காவலில் இறந்தார்கள். சி.பி.ஐ. வழக்கில் இன்ஸ்பெக்டரோடு நிற்கவில்லை, எஸ்.ஐ.க்கள், ஏட்டுகள், காவலர்கள் எல்லோரும் குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஆனார்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவு ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே அறிக்கையில் எழுதினார். அந்த இரவு அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, பயத்துக்கு நடுவிலும் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவர் வாக்குமூலம் இல்லாமல் அந்த வழக்கைக் கற்பனை செய்து பார்க்க முடியவில்லை. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் தனிப்படை விசாரணையில் இறந்தபோதும், முதலில் கைதானவர்கள் ஏவியவர்கள் இல்லை, களத்தில் நின்ற காவலர்கள்.

மேலதிகாரி சொன்னார் என்பது தற்காப்பு ஆகாது. என்கவுன்ட்டர் கொலைகளைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு பிரகாஷ் கதம் தீர்ப்பு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே உங்கள் பொறுப்பில் இருக்கும் ஸ்டேஷனுக்கு ஆளைக் கொண்டுவந்தால் உடனே கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை மூன்றும் நடக்கட்டும். வரும்போதே காயம் இருந்தால் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டில் அது ஏறாமல் உள்ளே வாங்காதீர்கள். கேமரா வேலை செய்யவில்லை என்றால் அன்றே எழுத்தில் மேலே தெரிவியுங்கள். 2020 டிசம்பரில் வந்த பரம்வீர் சிங் சைனி தீர்ப்பின்படி கேமராப் பதிவுக்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பதில் சொல்ல வேண்டும். அடி நடப்பதைப் பார்த்துவிட்டு "நான் அடிக்கவில்லை" என்று வெளியே போய் டீ குடித்தவர் பெயரும் டூட்டி ரோஸ்டரில் இருக்கும். தடுக்க முடியாத நிலை என்றால் உடனே டி.எஸ்.பி.க்குச் சொல்லி, சொன்ன நேரத்தைப் பதிவு செய்யுங்கள்.

இனி பணம். பெரிய லஞ்சத்தை மறுப்பது எளிது, அது வரும்போதே அடையாளம் தெரியும். ஆளை உள்ளே இழுப்பது ஸ்டேஷன் செலவு. அடையாளம் தெரியாத பிணத்தை மார்ச்சுவரிக்கு ஏற்ற வண்டி, ரிமாண்ட் கைதியைச் சிறைக்குக் கொண்டுபோகக் கூடுதல் டீசல், வெளி மாநிலம் போகும் குற்றப்பிரிவுக் குழுவின் சாப்பாடு, ஜெராக்ஸ், பிரின்டர் மை, விஐபி பந்தோபஸ்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர். அரசிடமிருந்து இதற்குப் பணம் வரும், தாமதமாக வரும், முழுதாக வராது. அந்த இடைவெளியில் ரைட்டர் சொல்வார், "நீங்க விடுங்கய்யா, நான் பாத்துக்கறேன்." அவர் பார்த்துக்கொள்வது எங்கிருந்து என்று எல்லோருக்கும் தெரியும். ஒயின்ஷாப் பார், மணல் வண்டி, லாட்ஜ். அந்த டீசலில் ஒருமுறை போய்விட்டால் அந்த லாட்ஜ் மேல் வழக்குப் போட உங்களுக்கு வாய் வராது. மாமூலை மறுக்கும் எஸ்.ஐ. முதலில் மாற்றுவழி தயாராக வைத்திருக்க வேண்டும். பயணப்படி (டி.ஏ.) பில்லைப் பயணம் முடிந்த வாரமே எழுதிக் கொடுங்கள், பிணம் ஏற்ற ஆம்புலன்ஸைக் கேளுங்கள், டீசல் ஒதுக்கீடு போதாவிட்டால் கணக்கோடு கடிதம் அனுப்புங்கள். சில்லறைச் செலவை உங்கள் காசிலிருந்து கொடுக்க நேர்ந்தால் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இது அநியாயம்தான். சம்பளத்திலிருந்து அரசு வேலைக்குச் செலவு செய்யும் நிலைக்கு ஒரு துறையைக் கொண்டுவந்து வைத்திருப்பதுதான் பாதி ஊழலுக்குக் காரணம். அது மாறும்வரை காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் வாங்காவிட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லி வாங்குவார்கள். ஜீப் டிரைவர், ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர், உள்ளூர்ப் புரோக்கர் யாராகவும் இருக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் முடித்த சி.எஸ்.ஆர்.களில் நாலைந்தை எடுத்து, மனுதாரருக்கு நீங்களே ஃபோன் செய்து "யாராவது காசு கேட்டார்களா" என்று கேளுங்கள். இரண்டு மாதம் விடாமல் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மேஜை டிராயரைப் பூட்டி வையுங்கள், யாரையும் தனியறையில் பார்க்காதீர்கள், அபராதம் இ-சலானில் மட்டும். யாராவது கவரை வைத்துவிட்டுப் போனால் தொடாதீர்கள். லஞ்ச ஒழிப்புத்துறையின் பொறியில் நோட்டில் ஃபினாப்தலின் தூள் தடவியிருக்கும், தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். எடுத்து ஓரமாக வைத்ததற்கும் வாங்கியதற்கும் அந்த நிறத்தில் வேறுபாடு தெரியாது. சாட்சிகளை அழைத்து, ஜி.டி.யில் எழுதி, டி.எஸ்.பி.க்குச் சொல்லுங்கள். புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனாலும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்தே தண்டிக்கலாம் என்று 2022-இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

நிலத்தகராறு, கொடுக்கல் வாங்கல் இரண்டிலும் ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசித் தீர்க்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் தோற்ற தரப்பு கட்டப்பஞ்சாயத்து என்று எழுதிப்போடும். குற்ற அம்சம் இருந்தால் வழக்குப் பதியுங்கள், இல்லையென்றால் சிவில் தன்மை என்று காரணம் எழுதி சி.எஸ்.ஆரை முடித்து நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மெமோ வந்தால் கோபத்தில் பதில் எழுதாதீர்கள், குறித்த நாளைத் தாண்டவும் விடாதீர்கள். 3(ஏ) என்றால் விளக்கத்தின் பேரிலேயே சிறு தண்டனை வரும். அதனால் அந்த விளக்கம்தான் உங்கள் முழு வாதம். 3(பி) என்றால் வாய்மொழி விசாரணை உண்டு. குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தரவில்லை என்பதையும் எழுதுங்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் பார்க்கப்படுவது பெரும்பாலும் இந்த நடைமுறை சரியாக நடந்ததா என்பதுதான். சஸ்பெண்ட் செய்து மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு தராமல் நீட்டிக்கக் கூடாது என்று 2015-இல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவரை பிழைப்பூதியம்தான் கைக்கு வரும். முழுச் சம்பளத்தையும் விழுங்கும் வீட்டுக் கடனை வாங்கி வைத்திருப்பவரால் எந்த உத்தரவையும் மறுக்க முடியாது. முதல் இரண்டு வருடம் பெரிய இ.எம்.ஐ. வேண்டாம், கொஞ்சம் கையிருப்பு சேருங்கள். மனை, கார் எது வாங்கினாலும் துறைக்குத் தெரிவித்து, பணம் வந்த வழிக்கு ரசீது வைத்திருங்கள். குறையிருந்தால் காவலர் குறை கேட்கும் ஆர்டர்லி ரூமில் எஸ்.பி.யைப் பாருங்கள், மனு கொடுங்கள். சமூக ஊடகத்தில் வீடியோ போட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நடத்தை விதி மீறல் என்ற தனிக் குற்றச்சாட்டு சேர்ந்துகொள்ளும்.

இடமாற்றம் வரத்தான் செய்யும். "நிர்வாகக் காரணம்" என்ற இரண்டு சொல்லில் வரும், கோர்ட் பெரும்பாலும் தலையிடாது. அதை எதிர்த்துச் சக்தியைச் செலவழிப்பதைவிட, எந்த எஸ்.பி.க்கும் தேவைப்படும் ஆளாகுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டாயம் தண்டனை வாங்கித் தர வேண்டிய வழக்குகள் சில இருக்கும். போக்சோ வழக்கில் புலனாய்வை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், சைபர் வழக்கில் பணம் போன வங்கிக் கணக்கைச் சில மணி நேரத்தில் முடக்க வேண்டும். இந்த வழக்குகளைப் பிழையில்லாமல் கொண்டுபோகத் தெரிந்த எஸ்.ஐ.க்கள் குறைவு. பயிற்சி முடிந்து ஸ்டேஷன் பயிற்சிக்கு அனுப்பும்போது ஜீப்பில் சுற்றுவதைக் குறைத்து ரைட்டர் பக்கத்தில் உட்காருங்கள். தண்டனையில் முடிந்த இரண்டு வழக்குக் கட்டு, விடுதலையில் முடிந்த இரண்டு கட்டு கேட்டு வாங்கி, தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆரிலிருந்து படியுங்கள். விடுதலையான கட்டில் எந்தத் தேதி எந்தத் தேதியோடு மோதியது என்று கண்டுபிடித்து ஓரத்தில் எழுதிப் பாருங்கள்.