வயலில் கட்டிய வீடு

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

மதுரையில் ஒத்தக்கடை தாண்டி திருமோகூர் பக்கம் போன தை மாதம் வீடு வாங்கிக் குடிவந்தோம். பிளாட் போட்டவர்களே கட்டி விற்ற வீடு. இருபது வருடக் கடன். ஐப்பசி மழையில் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது. ஜன்னல் மூலையில் விரிசல். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "நல்லா விசாரிச்சு வாங்கியிருக்கலாமே" என்கிறார்கள். அப்பா, கிராவல் அடித்து வீட்டைச் சுற்றி மேடாக்கச் சொல்கிறார். மனைவி, சுவருக்குப் பேனல் ஒட்டிவிடலாம் என்கிறாள். கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது? வருடம் திரும்புவதற்குள் வீடே கசந்துவிட்டது.

செ.

அன்புள்ள தம்பி,

அந்த இரண்டு லட்சத்தைச் சித்திரை வரை தொடாதீர்கள். முதல் வருடத்தில் வீட்டுக்காரருக்கு இருக்கிற பெரிய வேலை, வீட்டைப் பார்ப்பதுதான். ஒரு ஐப்பசி மழையும் அதற்கு அடுத்து வருகிற கத்திரி வெயிலும் பார்த்த பிறகுதான் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது தெரியும். மழையைப் பார்த்துவிட்டீர்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே நின்றது, எந்த வழியாக வடிந்தது என்று மறப்பதற்குள் ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

உங்கள் பக்கம் பெரியாற்றுப் பாசனப் பகுதி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் வரத் தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த மண். வயல் என்பதே தண்ணீர் நிற்பதற்காக மட்டம் பார்த்து வரப்புக் கட்டிய நிலம். அடியில் களிமண். ஒரு வயல் நிரம்பினால் அடுத்ததற்குப் போக மடையும் வாய்க்காலும் இருந்தன. மனை பிரித்தபோது வரப்பும் வாய்க்காலும் போய்த் தார் ரோடு வந்தது. மழை மட்டும் பழையபடியே பெய்கிறது. உங்கள் தெரு மட்டும் இப்படியில்லை. 2004-ல் திறந்த மதுரை உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய்ப் பரப்பில்தான் நிற்கிறது. 2024 அக்டோபரில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அதனால் முதலில் கிராம வரைபடத்தையும் உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று அதில் இருக்கும். அப்புறம் அங்கே விவசாயம் பார்த்த பெரியவர் யாரையாவது தேடிப் போய், எந்த மடையிலிருந்து எங்கே பாய்ந்தது என்று கேளுங்கள். கையைக் காட்டியே சொல்லிவிடுவார். பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பத்திரம் பதிந்ததோடு நிறையப் பேர் இருந்துவிடுகிறார்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிராவல் அடிப்பது பற்றி. அப்பா சொல்வது பாசத்தில் சொல்வது, ஆனால் தயவுசெய்து வேண்டாம். உங்கள் மனையை ஒன்றரை அடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். அடுத்த வருடம் அவர்கள் இரண்டடி உயர்த்துவார்கள். பிறகு ரோட்டைப் புதிதாகப் போட்டு உயர்த்துவார்கள். எல்லா வீடும் மறுபடி பள்ளத்தில். மதுரையில் எத்தனை தெருக்களில் இதைப் பார்த்துவிட்டேன். வீட்டு வாசலில் படி இறங்கி உள்ளே போகிற நிலைமைக்கு வந்தது இப்படித்தான். ஒரு தெருவே சேர்ந்து தீர்க்க வேண்டியதைத் தனியாளாகத் தீர்க்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்தான் பகையாவார். உங்கள் ஊர் ஊராட்சியாக இருந்தால் ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். தெருக்காரர்கள் நாலைந்து பேராவது வரைபடத்தோடு போய், அடைபட்ட வாய்க்காலைத் தூர்வாரித் திறக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மனு கொடுத்துவிட்டு வந்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

ஓதம் எந்த உயரத்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒரே சீராக இருந்தால், மண்ணிலிருந்து ஏறுகிறது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் சாரல் உள்ளே வருகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருந்தால், ஒரு வாரம் அதைப் புழங்காமல் விட்டுப் பாருங்கள்; ஓதம் குறைந்தால் குழாயிலோ டைல்ஸ் இடுக்கிலோதான் கோளாறு. எதுவானாலும் பேனல் ஒட்டாதீர்கள். பின்னால் ஈரம் அப்படியே இருக்கும், பூஞ்சை பிடிக்கும், கரையான் வரும். புதுச் சுவருக்குள் கட்டும்போது ஊற்றிய தண்ணீரே முழுதும் காய நாளாகும். உரிந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு, பங்குனி வெயிலில் சுவர் காயட்டும். அதற்குப் பிறகு பட்டி பூசிப் பெயின்ட் அடிக்கலாம்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து விரிசலும் மூடித் திறக்கலாம். மயிரிழை போல அதே இடத்தில் நின்றால் பூச்சு விரிசல்தான், பயம் வேண்டாம். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, நாணயம் நுழைகிற அளவு அகன்றாலோ, கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தாலோ மேஸ்திரியிடம் போகாமல் கட்டட அமைப்பு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அந்தப் பணம் இதற்குத்தான் தேவைப்படலாம்.

மொட்டைமாடியையும் பாருங்கள். ஒவ்வொரு மழை விட்டதும் ஏறி, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, சரியில்லை என்று அர்த்தம். கோடையில் தட்டோடு பதிக்கும்போது கொத்தனாரிடம் அந்த வட்டங்களைக் காட்டினால் போதும்.

சொந்தக்காரர்கள் பேச்சுக்காக வீட்டை வெறுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் இப்போதைக்கு விற்க வேண்டிய அளவு குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சித்திரையில் சுவர் காய்ந்ததும் ஓதம் எந்த உயரத்தில் நின்றது, விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டியதா என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.